விரல் பதியாத முப்பத்தேழு நாள்கள்

பூர்ணிமா வேலைக்கு வரவில்லை என்று கைரேகைக் கருவி சொன்ன நாள்கள் முப்பத்தேழு. அந்த முப்பத்தேழு நாளும் அவள் வந்திருந்தாள். உப்பளம் பகுதியில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் தினக்கூலி எழுத்தர். மார்ச் முடிவதற்குள் இருநூற்று நாற்பது நாள் வருகை இருந்தால்தான் நிரந்தரப் பட்டியலில் பெயர் ஏறும். அந்த நாள்களைக் கழித்த கணக்கில் இருநூற்றுப் பதினொன்றே வந்தது.

காரணம் அவள் உள்ளங்கை. பள்ளித் தேர்வில் தாளுக்கும் கைக்கும் நடுவே கைக்குட்டை விரித்து எழுதியவள் அவள். யார் கைகொடுக்க வந்தாலும் கும்பிட்டு ஒதுங்கினாள். முப்பது வயதில்தான் கதிர்காமம் மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு மருத்துவர், இது பயமும் அன்று, அழுக்கும் அன்று, வியர்வைச் சுரப்பிகளின் மிகைச் செயல் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை ஏழு நகல் எடுத்தாள். அதன்பின் யார் முகம் சுளித்தாலும் தானே முந்திக்கொண்டு, “எனக்குக் கை வேர்க்கும். தொத்தாது” என்றாள்.

நவம்பரில் கருவி வந்த வாரமே, ஈர விரலை அது ஏற்பதில்லை என்று மனு கொடுத்தாள். பிறகு நான்கு நினைவூட்டல்கள், நான்குக்கும் முத்திரையிட்ட ஒப்புகை. பதில் இல்லை. பவுடர் தடவிக்கொள் என்று கண்காணிப்பாளர் ஹேமலதா வாயால் சொன்னதுதான் மிச்சம். தடவினாள். வியர்வையில் பவுடர் மாவாகிக் கருவியின் கண்ணாடியில் அப்பியது. ஒரு செவ்வாய்க்கிழமை எவர் விரலையும் கருவி ஏற்கவில்லை. மறுநாளே, அரசு உடைமையைப் பழுதாக்கியதாக அவளுக்குக் குறிப்பாணை வந்தது.

ஹேமலதா விளக்கம் கேட்டு அழைத்தார்.

“பவுடர் போடச் சொல்லி நான் எப்பம்மா சொன்னேன்?”

“பிப்ரவரி பன்னெண்டு, வியாழக்கிழமை, காலைல ஒம்போதே முக்கால் மேடம்.”

“தேதியெல்லாம் நல்லா சொல்ற. பேப்பர் இருக்கா?”

இல்லை. எல்லாவற்றையும் எழுதி வாங்குகிறவள் அதை மட்டும் வாங்காமல் விட்டிருந்தாள்.

“தப்பு இல்லன்னா கை ஏன் இப்பிடி வேர்க்குது?”

“தூங்கி எழுந்தாலே வேர்க்கும் மேடம். டாக்டர் சீட்டு மூணாவது பக்கம். இதோட அஞ்சாவது தடவ காட்டுறேன்.”

தேநீர் கொண்டுவந்த கடைநிலை ஊழியர், பாவாடை என்பவர், நகராமல் நின்றார். தவளக்குப்பத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அலுவலகக் கோப்பு எதையும் துண்டு சுற்றித்தான் எடுப்பார். சுத்தக்காரர் என்றே பூர்ணிமா நினைத்திருந்தாள்.

“மேடம், அந்த மாவு பாதி என்னுதுங்க.” துண்டை உதறி உள்ளங்கையைக் காட்டினார். விரலிடுக்கில் நீர் மின்னியது. “நீங்க அந்தம்மாகிட்ட சொன்னப்ப கதவாண்டதான் நின்னேன். அத்தக் கேட்டுத்தான் நானும் டப்பா வாங்கனேன்.”

பூர்ணிமாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். “இத்தினி மாசமா நான் தனியா கத்திக்கினு இருந்தேனே. ஏன்ணா சொல்லல?”

“முன்ன ஒரு ஆபீசுல, ஃபைல நனைக்கிறான்னு நிறுத்திட்டாங்கம்மா.”

அந்தக் கோபத்தை அவர்மேல் வைத்திருக்க முடியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அதற்கு நிறைய இடம் இருந்தது.

ஹேமலதா குரலைத் தணித்தார். “சரி, உன் மெமோவ விட்டுடறேன். நாளைலேந்து நீ மட்டும் ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடு. போன நாளப் பத்திப் பேசாத. பாவாடைக்கு மெமோ போட்டுக்கறேன்.”

“எனக்கு மட்டும்னா வேணாம் மேடம். போன நாளும் நான் வந்த நாள்தான்.”

அங்கேயே அமர்ந்து புதிய மனு எழுதினாள். இரண்டு பெயர்கள், முப்பத்தேழு தேதிகள், அந்த ஒவ்வொரு நாளும் அலுவலகத்துக்காக அவள் கைப்பட எழுதி அனுப்பிய கடிதங்களின் எண்கள். கைக்கு அடியில் கைக்குட்டை வைக்கவில்லை. மை சில இடங்களில் ஊறியது. ஊறட்டும் என்று விட்டாள். ஹேமலதா அதை வாங்க மறுத்தார். மாலை ஐந்தரை வரை பூர்ணிமா எழவில்லை. கடைசியில் முத்திரை விழுந்தது. பரிந்துரை எதுவும் எழுதாமல் மேலிடத்துக்கு அனுப்புவதாக ஹேமலதா சொன்னார். மார்ச் முடிய ஒன்பது நாளே இருந்தது. அதற்குள் பதில் வராது என்பது அவளுக்குத் தெரியும்.

வெளியே பாவாடை காத்திருந்தார். “என்னால உன் பர்மனென்ட் வேல போச்சாம்மா?”

“உங்களால இல்லண்ணா. உங்களுக்கும் ஒரு சீட்டு வேணும். வெள்ளிக்கெழம எட்டு மணிக்கு கதிர்காமம் வந்துடுங்க, நானும் வரேன். கையத் தொடைக்காம வாங்க. தொடச்சிட்டுப் போனா டாக்டருக்கு என்ன தெரியும்?”