ஷீபா கேட்ட லீவு

நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறேன். என்னோடு நின்ற ஷீபா கர்ப்பமானதும், சம்பளத்தோடு ஆறு மாதம் பிரசவ லீவு வேண்டுமென்று எழுதிக் கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. என் மகள் பிறந்தபோது நான் வேலையை விட்டுவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது புது ஆளாகத்தான் சேர்த்தார்கள். அதை ஷீபாவிடமே பலமுறை சொல்லிப் புலம்பியிருக்கிறேன்.

முதலாளி லீவு கொடுக்க மறுத்தார். ஷீபா லேபர் ஆபீசில் புகார் கொடுத்தாள். அதிகாரி விசாரிக்க வந்த அன்று, "அவ சேந்து ஒரு மாசம்தான் ஆவுதுன்னு சொல்லணும்" என்று முதலாளி என்னிடம் சொன்னார். எண்பது நாளாவது வேலை செய்திருந்தால்தான் அந்த லீவு கிடைக்கும். அவள் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அப்படியே சொன்னேன். பயத்தில் அல்ல, பொறாமையில்.

ஷீபா என்னைத் திட்டவில்லை. அதிகாரியைப் பார்த்து, "சார், இந்த அக்கா பிள்ள பெறப்பம் வேலைய விட்டுட்டுத்தான் போனாவ. அன்னைக்கு இவியளுக்கும் லீவு உண்டும் இல்லியா?" என்று கேட்டாள்.

"உண்டு. சட்டம் அப்பமும் இருந்ததாக்கும்" என்றார் அவர்.

அப்படியென்றால் எனக்குச் சேர வேண்டியதையும் முதலாளி தராமல்தான் இருந்திருக்கிறார். "சார், நான் சொன்னது பொய்யாக்கும். இவ வந்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றேன்.

ஷீபாவுக்கு லீவு கிடைத்தது. முதலாளி இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மூன்று மாதக் குழந்தையைப் பார்க்கக் காரக்கோணத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். பால் குடித்தபடி அது அவள் மடியிலேயே தூங்கியது. அந்த வயதில் என் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் நான். அன்றும் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் ஷீபா மேல் கோபம் வரவில்லை.