சமோன் தின்ற மூன்று வருடம்

தாய்லாந்தில், கோன்கேன் பக்கம் எங்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியை சமோனுக்கு ஐம்பத்தேழு வயது. அதில் இருபது வருடத்தை ஒரே சண்டைக்கு நடுவராக இருந்தே கழித்துவிட்டார். மரவள்ளி இலையைக் கடித்தால் அதிலுள்ள நொதி விழித்துக்கொண்டு நஞ்சைக் கிளப்பும். பட்டுப்புழுவில் ஒரு வகையோ அதே இலையை நாள் முழுக்க மென்று கொழுக்கும். நஞ்சை அடக்கப் புழுவின் வயிற்றிலும் ஒரு நொதி உண்டு என்பது சமோனின் கட்சி. இலையின் கட்சியில் ஆளே இல்லை.

இதைக் காட்டத்தான், கசப்பில்லாத இலையாகப் பார்த்துக் கழுவித் துடைத்து ஊட்டி, மூன்று வருடம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த புழுக்கள். கடைசி நாற்பது, பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டுக் குளிர்பெட்டியில் இருந்தன. மறுநாள் நிபுணர் குழு வருகிறது, கண்ணெதிரே சோதனை. தோற்றால் ஆய்வகத்துக்குப் பூட்டு.

எங்கள் ஊரில் பட்டுப்புழு வறுவல் வழக்கமான சாப்பாடு. அன்று மதியத்துக்குச் சமோன் சந்தையில் புழு விற்கும் லம்யாயிடம் கால் கிலோ வாங்கிவந்தார். அதே இனம். அதே மாதிரிப் பை. அதே ரப்பர் பேண்ட். அதே குளிர்பெட்டி.

பன்னிரண்டு மணிக்கு அவரே ஒரு பையை எடுத்துக் கொடுக்க, உதவியாளர் கம்பான் ஆய்வக அடுப்பிலேயே வாணலி வைத்து, எலுமிச்சை இலை போட்டு மொறுமொறுவென்று வறுத்தார். துறையே கூடித் தின்றோம்.

"அக்கா, இன்னைக்குப் புழு என்னமா இருக்கு!" என்றார் கம்பான்.

"சும்மாவா? பார்த்துப் பார்த்து வாங்கினதுடா," என்றார் சமோன், பதினெட்டாவதைச் சோற்றோடு உருட்டியபடி.

சாயங்காலம் சமோன் குளிர்பெட்டியைத் திறந்தார். மிச்சமிருந்த பையில், லம்யாய் கொசுறாகப் போடும் பச்சை மிளகாய் இரண்டு கிடந்தன.

"கம்பான், நாம எதைடா தின்னோம்?"

"மூணு வருஷத்தை, அக்கா."

மறுநாள் வேறு வழியில்லாமல் சந்தைப் புழுவையே அரைத்துச் சோதித்தார். நொதியின் அளவு, வளர்த்த புழுக்களில் கண்டதைப்போல் இரண்டு மடங்கு.

"இந்த வகையை எப்படிம்மா உருவாக்கினீங்க?" என்றார் குழுத் தலைவர்.

பொய் வராத சமோன், "சந்தையில வாங்கினேன். என்னோடதை நேத்து சாப்பிட்டுட்டேன்," என்றார். அங்கேயே லம்யாய்க்குப் போன் போட்டார். "அக்கா, உங்க புழுவுக்கு என்ன போடுறீங்க?"

"மாடுகூடத் தொடாத கசப்பு மரவள்ளி இலைதான். ஏன்டி, வயித்தைக் கலக்கிச்சா?"

தலைவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடமானது. நஞ்சு கூடிய கசப்பு இலை தின்ற புழுவில்தான் நொதி கூடுதலா என்று பார்க்க மேலும் இரண்டு வருடம் கொடுத்தார். ஒரே நிபந்தனை: ஆய்வகத்தில் வாணலி இருக்கக் கூடாது.

சமோன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.