வழுக்கையை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலைக் கடற்கரையோரத்தில் இருந்த எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா, மாமா, அக்கா, நான். அக்காவைப் பார்க்க மாப்பிள்ளையும் அவருடைய தாயும் தமக்கையும் வந்திருந்தார்கள். அப்பா மட்டும் இல்லை. "மாப்பிள்ளை துறைமுகத்தில கிளாக்கராம். அவையளோட எனக்குக் கதைக்க ஏலாது" என்று விடியவே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

அக்கா நெருப்புக் காய்ச்சலில், அதுதான் டைபொயிட்டில், கிடந்து எழும்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டி, மிஞ்சியதை வெட்டிவிட்டதில் கழுத்தளவுதான் இருந்தது. அம்மா கடையில் சவரிமுடி வாங்கி அதோடு சேர்த்துப் பின்னிவிட்டாள்.

"உள்ளதைச் சொல்லிப்போடுங்கோவன் அம்மா. வளரும்தானே" என்று அக்கா கெஞ்சினாள்.

"கட்டைமயிரோட நிண்டா ஆர் உன்னைப் பாப்பினம்? வாயை மூடு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். மாப்பிள்ளையோடு சரிசமமாகக் கதைக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கதிரையில் இருத்தியிருந்தார்கள்.

பலகாரம் சாப்பிட்டு முடிந்ததும் தமக்கை பூச்சரத்தோடு எழும்பினாள். பூ வைத்துவிடுகிற சாட்டில் பின்னலைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரே இழுவை. சவரி அவளுடைய கையோடு வந்துவிட்டது.

"அம்மா, இஞ்ச பாருங்கோ! பொம்பிளையில பாதி கடையில வாங்கினது!"

தாயும் மகளும் சிரித்தார்கள். அக்கா குனிந்தபடி நின்றாள். நான் எழுந்து, "நெருப்புக் காய்ச்சல் வந்தா முடி கொட்டும், திரும்ப முளைக்குமெண்டு டொக்டர் சொன்னவர்" என்று வகுப்பில் விடை சொல்வது போலச் சொன்னேன்.

"தம்பி, உங்கட படிப்பைப் பள்ளிக்கூடத்தில வைச்சுக்கொள்ளுங்கோ. பொம்பிளைக்கு முடிதான் லட்சணம்" என்றாள் தாய்.

அக்கா நிமிர்ந்தாள். "அவருக்கும் முன்னுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

உண்மைதான். மாப்பிள்ளை காதோரத்து முடியை எண்ணெய் வைத்து உச்சிக்குக் குறுக்கே இழுத்துவிட்டிருந்தார். அவருடைய கை தானாக அங்கே போனது. தாய்க்குக் கோபம்கூட வரவில்லை. "ஆம்பிளைக்கு வழுக்கை விழுந்தா அது யோகம், பிள்ளை" என்றாள். மாமா அக்காவை அதட்டி உள்ளே அனுப்பினார்.

பிறகு பேரம். வீடு ஏற்கெனவே சீதனத்தில் எழுதுவதாகப் பேச்சு. "குறைக்கு ஏதும் செய்யத்தானே வேணும்" என்றாள் தாய். வள்ளமும் எஞ்சினும் தருகிறோம் என்றார் மாமா. அம்மா தலையாட்டினாள். அந்த வள்ளம் அப்போது அப்பாவோடு கடலில் நின்றது.

நான் கூடாது என்று கத்தினேன். மாமா என்னைக் அடுப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "இது முறிஞ்சா, மொட்டைச்சியெண்டு ஊரெல்லாம் கதை போகும். பிறகு நீ கட்டி வைப்பியோ?"

பின்னேரம் அப்பா கரைக்கு வந்தார். நான்தான் போய்ச் சொன்னேன். வலையை உதறிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை என்ன சொன்னவள்?"

"இந்தக் கலியாணம் வேண்டாமாம்."

"கொம்மா?"

"ஓமெண்டிட்டா."

எஞ்சினைத் துடைத்தார். "அப்ப சரி" என்றார்.

கலியாணம் நடந்தது. இரண்டு மூன்று வருடங்களில் அக்காவின் முடி இடுப்பைத் தொட்டுவிட்டது. அத்தானின் காதோரத்து முடியும் போய்விட்டது. அதை ஒருவரும் குறையென்று சொல்லவில்லை. அத்தானுக்குக் கடல் தெரியாது. ஒரு காய்ச்சலில் கொட்டித் தானாகவே முளைத்துவிட்ட முடிக்காக, என் அப்பா கடைசிவரை தான் வாங்கிய வள்ளத்திலேயே கூலிக்குப் போய், பிடித்த மீனில் பாதியை வள்ளத்துப் பங்கென்று மருமகனிடம் கொடுத்தார்.