சின்னத்தாய் வாக்குக் கொடுத்த கிணறு

சின்னத்தாய் பேச்சை நம்பித்தான் கீழத்தெருவில் இருபத்தாறு வீடும் பொதுக்கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வந்தது.

அவர்கள் ஊரான விஸ்வநத்தத்துக்கு மேற்கே, கரிசல் காட்டுக்குள் குப்பைக் கிடங்கு வந்து ஆறு வருசம் ஆகிறது. ஊர்க் குப்பையோடு பட்டாசுக் கழிவும் சேர்ந்து வந்து விழுந்தால் கிணறு என்ன ஆகும் என்று அப்போதே சனங்கள் மறித்தார்கள். குழிக்கு அடியில் கனத்த பிளாஸ்டிக் ஷீட் விரிப்போம், தினமும் குப்பையை மண் போட்டு மூடுவோம், மாசம் ஒருதரம் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவோம் என்றார் கிடங்குக் காண்ட்ராக்டர். பாட்டில் பிடிக்கிற வேலை முத்துப்பாண்டிக்குக் கிடைத்தது.

முத்துப்பாண்டி சின்னத்தாயின் கொழுந்தன். அவள் வாக்கப்பட்டு வந்தபோது அவனுக்கு ஏழு வயசு. குளிப்பாட்டித் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவள்தான். வேலை கிடைத்த அன்று காளியம்மன் சன்னதியில் அவன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான்.

"தண்ணி கெட்டுச்சுன்னா மொதச் சொல்லு என் வாயிலருந்துதான் வரும்."

பெண்கள் சின்னத்தாய் முகத்தைப் பார்த்தார்கள்.

"நான் வளத்த புள்ள. நான் பொறுப்பு" என்றாள் அவள். அதற்கப்புறம் யாரும் மறிக்கவில்லை.

தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகுமுன் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது சின்னத்தாயின் வழக்கம். போன ஐப்பசி மழைக்கு அப்புறம் அவளுடைய செப்புக்குடம் கறுக்க ஆரம்பித்தது; தெருவில் மற்றவர்கள் எல்லாம் பிளாஸ்டிக் குடம்தான். புளி போட்டுத் தேய்ப்பாள், பளபளக்கும். தண்ணீர் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் மறுபடி கறுப்பு.

"என்னக்கா, குடத்துக்குள்ள மை காய்ச்சுதீகளா?" என்று பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி கேலி பண்ணினாள்.

தண்ணீர் நல்லதென்று மாசாமாசம் சோதனைப் பேப்பர் வருகிறதே. அப்படியானால் குறை தன்னிடம்தான் என்று நினைத்துவிட்டாள் சின்னத்தாய். அம்மனுக்கு எதில் தவறினோமோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஒன்பது வெள்ளி ஒருபொழுது இருந்தாள். ஒன்பதாவது வெள்ளி பொங்கல் வைத்து, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் தன் கையாலேயே அள்ளிக் கொடுத்தாள். அதுவும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வைத்த பொங்கல்தான்.

ஆனி மாசம் ஒருநாள், பூ வாங்கப் போனவள் திருத்தங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஆற்றுத் தண்ணீர் வருகிற ரோட்டோரக் குழாயடியில் முத்துப்பாண்டி குனிந்து நின்றான். கையில் வெள்ளைப் பாட்டில். அதில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கீழத்தெரு பொதுக்கிணறு என்று இருந்தது.

"ஏலே, இது ஆத்துத் தண்ணில்லா?"

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மூடியைத் திருகினான். "சத்தம் போடாதீக மதினி."

"எம்புட்டு நாளா?"

"போன மழையிலருந்து. ஒருதரம் மோசம்னு வந்துச்சு. வெளிய தெரிஞ்சா கிடங்கப் பூட்டிருவாக, ஒனக்கும் வேல போயிரும்னு காண்ட்ராக்டரு சொல்லிட்டாரு. நான் எங்கன போவேன்?"

"நான் குடிக்கேன்லே அத."

அவன் பாட்டிலைப் பையில் வைத்து, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்போதும் அவளுக்கு அவன் மகள் ஓவியா நினைப்புத்தான் முதலில் வந்தது. பச்சைப் பிள்ளை குடிக்கிறதே என்று, பூ வாங்காமலே திரும்பி நேரே அவன் வீட்டுக்குப் போனாள். கொழுந்தன் பெண்டாட்டி அழகுமீனா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, பிள்ளைக்குக் கிணத்துத் தண்ணி குடுக்காத. கெட்டுப்போச்சு."

"எங்க வீட்டுல தீவாளியிலருந்தே கேன் தண்ணிதானக்கா" என்றாள் அழகுமீனா. "ஒங்ககிட்ட அவுக சொல்லலையா?"

சின்னத்தாய் வாசல்படியில் உட்கார்ந்தாள். இத்தனை மாசமும் வீட்டுக்கு வந்தவனுக்குச் செம்பை நீட்டும்போதெல்லாம், இப்பத்தான் டீ குடிச்சேன் மதினி என்றான். அவள் மடக்மடக்கென்று குடித்ததை எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

சாயங்காலம் பெண்கள் தண்ணீர் இறைக்கிற நேரத்துக்குக் கிணற்றடிக்குப் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். முத்துப்பாண்டி பேரையும் சொன்னாள்.

"அப்ப நீங்க பொறுப்புன்னு சொன்னது?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

"பொய்யாப் போச்சு தாயி. நாளைக்கு நானே தண்ணி பிடிச்சு கலெக்டரு ஆபீசுல குடுக்கப் போறேன். ஆராச்சும் கூட வாங்க."

பாண்டிச்செல்வி நிறைகுடத்தைக் கவிழ்த்துக் கொட்டினாள். மற்றவர்களும் கொட்டினார்கள். வருகிறேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.