சட்டைக் கையில் உப்பு

அவளுக்கு வார விடுமுறை எந்தக் கிழமையோ, மீன் காட்சியகத்துக்கும் அதே கிழமைதான் விடுமுறை. வாரத்தில் வேறு நாளே கிடைக்காத மாதிரி இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று போய் உட்கார்ந்துகொண்டன. அதனால் மகனை அங்கே கூட்டிப்போவது தள்ளிக்கொண்டே போனது.

அவளுக்கு வேலை சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரி விரிப்புகளை இயந்திரமே இழுத்துத் தேய்த்துத் தள்ளிவிடும். ஓட்டல் சிப்பந்திகளின் சட்டைகள் மட்டும் அவள் மேசைக்கு வரும். கழுத்துப் பட்டை, தோள், பிறகு கைப்பட்டை. அதிலும் உள்பக்கம் முதலில், வெளிப்பக்கம் பிறகு. உடம்புப் பகுதியை எந்தக் கை வேண்டுமானாலும் தேய்க்கலாம், சட்டைக் கையில்தான் ஆள் தெரியும் என்பாள். அங்கே அவளுக்கு 'மடிப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஏன் மடிப்பு, வீட்டுல புருஷனையும் மடிச்சு அலமாரியில வெச்சுடுவியாமே?" என்பார் சலவை இயந்திரம் ஓட்டுகிறவர்.

"மடிச்சா மடியற ஆளா இருந்தா வெச்சிருப்பேண்ணே."

புருஷனுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. எந்த நேரமும் கூப்பிடுவார்கள், எந்த நேரமும் ஓடுவான். மகன் தலை நின்ற கையோடு அவளும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டது புருஷனின் அக்கா, அவளுக்கு அண்ணி. தனிக்கட்டை. தம்பி வீட்டோடு வந்து தங்கியவள், வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். ஒரு வேலை மிச்சம் வைக்க மாட்டாள். பையனுக்கு 'உருண்டை' என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

உருண்டையின் முதல் பல்லை அண்ணிதான் கண்டுபிடித்தாள். "ஸ்பூன்ல டங்குனு கேட்டுச்சும்மா" என்று சாயங்காலம் சொன்னாள். முதல் முதலாகப் பேசிய வார்த்தை "த்தை". அதையும் அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. குப்புற விழுந்தது, தவழ்ந்தது, கட்டிலைப் பிடித்து எழுந்தது எல்லாமே அவளுக்கு வேலை விட்டு வந்தபின் கிடைத்த செய்திகள். தன் பிள்ளை வளர்வதைப் பக்கத்து ஊர் நடப்பு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் முதல் அடி வைத்து நடந்தது மட்டும் அவள் கண் முன்னால். ஒரு சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். உருண்டை நாற்காலிக் காலை விட்டுவிட்டுத் தள்ளாடித் தள்ளாடி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டான். அண்ணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "உனக்காகத்தான் இத்தனை நாள் காத்துட்டு இருந்திருக்கான் பாரேன்" என்றாள். பக்கத்தில் நின்ற புருஷன் தலையாட்டினான். அதை அவள் சலவைக்கூடத்தில் சொல்லாத ஆள் இல்லை. சலவை இயந்திரக்காரர், "இன்னொரு தடவை சொன்னா நானே நடக்கறதை விட்டுடுவேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். உருண்டை படப்புத்தகத்தில் மீன் வந்தால் மட்டும் பக்கத்தைத் திருப்ப விடாத காலம் அது.

"மீன் காட்சிக்கு நான்தான் அவனைக் கூட்டிட்டுப் போவேன். எனக்கு லீவு கிடைக்கற வரைக்கும் யாரும் கூட்டிட்டுப் போகாதீங்க. முதல் தடவை பார்க்கறப்போ அவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு நான் பார்க்கணும்."

"நீயே கூட்டிட்டுப் போம்மா. நாங்க என்ன பிடுங்கிக்கவா போறோம்" என்றாள் அண்ணி.

"கடல் மொத்தத்தையும் உன் பேருக்கு எழுதி வெச்சாச்சு, போதுமா?" என்றான் புருஷன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வீட்டில் உருண்டையின் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சட்டையின் கைப்பட்டை விறைப்பாக இருந்தது. ஓரத்தில் வெள்ளையாக வளைந்து வளைந்து ஒரு கோடு. சமையல்கட்டில் நின்று வேலை பார்ப்பவர்களின் சட்டையில் அக்குள் பக்கம் அப்படி உப்புப் பூத்து வரும். குழந்தைக்கு மணிக்கட்டில் எப்படி?

"அண்ணி, இவன் கையை எதுல விட்டான்?"

"உப்பு டப்பாவைக் கவுத்துட்டான். அவனைக் கேளு, என்னை ஏன் கேக்கற?"

ஈரத்துணி வைத்து ஒற்றித் தேய்த்தாள். கோடு போய்விட்டது. வீட்டு ஆள் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் என்ன கேட்பது.

கடைசியில் சலவை இயந்திரக்காரர் மனசு வைத்துத் தன் விடுமுறையை மாற்றிக் கொடுத்தார். "மீனைப் பார்த்து உருண்டை என்ன பண்ணான்னு வந்து சொல்லணும். அதுதான் கூலி" என்றார். நால்வரும் கிளம்பினார்கள். உள்ளே குளிரும் என்று யாரோ சொன்னதால் உருண்டைக்கு முழுக்கைச் சட்டை, மஞ்சள் நிறம், கத்தி மடிப்பு.

உள்ளே இருட்டும் நீலமுமாக இருந்தது. நுழைந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. எல்லோரும் இடப்பக்கம் போனார்கள். உருண்டை அவள் விரலைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தான்.

"எங்கடா இழுக்கற?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

"தூக்கிக்கோம்மா, கூட்டமா இருக்கு, தூக்கிக்கோ" என்று அண்ணி பின்னால் அவசரப்பட்டாள். அங்கே கூட்டமே இல்லை. புருஷன் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை நின்று படித்துக்கொண்டிருந்தான். மருந்து பாட்டிலில் இருப்பதைக்கூடப் படிக்காத மனுஷன்.

வலப்பக்கம் ஒரு திறந்த தொட்டி. நட்சத்திர மீன்களைத் தொட்டுப் பார்க்க விடுகிற இடம். அதன் சுற்றுச்சுவர் உருண்டையின் தலைக்கு மேலே இருந்தது. அவன் உயரத்துக்குத் தண்ணீர் இருப்பதே தெரியாது. அவன் சுவர் முன்னால் போய் நின்றான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். தூக்கச் சொல்லும்போது மேலே நீட்டுவானே, அப்படி இல்லை. மணிக்கட்டைத் தளர விட்டு, நேராக நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். சட்டைக் கையை மடித்து விடுவதற்காகக் காத்திருந்தான்.

அவள் குந்தி உட்கார்ந்து அந்த மஞ்சள் கைப்பட்டையைப் பிடித்தாள். அன்றைக்கு ஈரத்துணி வைத்து ஒற்றிய வெள்ளைக் கோடு அவள் கட்டைவிரலுக்கு ஞாபகம் வந்தது.

"இவன் இங்க வந்திருக்கான்" என்றாள்.

புருஷன் பலகையை விட்டுவிட்டு வந்து நின்றான். பிறகு அண்ணி, "அன்னிக்கு வீட்டுல கரண்ட் இல்ல. வெக்கையில அழுது தீர்த்துட்டான். இங்க குளுகுளுன்னு இருக்குமேன்னு..." என்று இழுத்தாள்.

"ஒரு தடவையா?"

அண்ணி தம்பியைப் பார்த்தாள். இவள் புருஷனிடம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"இந்தப் பக்கம் ஒரு லிப்ட் வேலை இருந்துச்சு. முடிச்சுட்டு நானும் வந்தேன். விடும்மா, குழந்தைக்கு என்ன தெரியும்?"

"அவனுக்குத் தெரியுது. எனக்குத்தான் தெரியல."

மகனின் சட்டைக் கையை உள்பக்கம் மடியாமல், சுருக்கம் விழாமல் முழங்கை வரை மடித்துவிட்டாள். தூக்கிப் பிடித்தாள். அவன் பயமே இல்லாமல் தண்ணீருக்குள் கைவிட்டு, பழகிய ஆளைத் தொடுவது மாதிரி ஒரு நட்சத்திர மீனை ஒரு விரலால் தொட்டான். பார்க்க வேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்த முகத்தை அவள் பார்த்தாள். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இறக்கிவிட்டதும் ஓடினான். கண்ணாடித் தொட்டிகளை ஒட்டி அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கம்பி ஓடியது. பார்க்காமலே அதைப் பிடித்தான். கம்பி முடிகிற இடத்தில் விட்டுவிட்டு, இடைவெளியைக் கடந்து, அடுத்த கம்பியைப் பிடித்தான். வீட்டில் நாற்காலிக் காலை விட்டுவிட்டு வந்தானே, அதே மாதிரி.

"அண்ணி, இவன் முதல்ல நடந்ததும் இங்கதானா?"

அண்ணிக்குப் பொய் சொல்லும் தெம்பு தீர்ந்துவிட்டிருந்தது. "ஆமாம்மா, நீ மீன் காட்சின்னு பேச்செடுக்கறதுக்கு முன்னாடியே. அன்னிக்கு இங்கேருந்து போன பிறகு அவனைக் கீழயே விடலம்மா. இடுப்புலயே வெச்சிருந்தேன், இடுப்பு கழண்டு போச்சு. நீ செருப்பைக் கழட்டற சத்தம் கேட்ட பிறகுதான் இறக்கி விட்டேன். உனக்காகத்தான்."

உனக்காகத்தான். அன்றைக்கும் இந்த வார்த்தைதான். கன்னத்தில் வைத்த கை, அந்த முகபாவம், பக்கத்தில் நின்று தலையாட்டிய புருஷன். அவளுக்கு ஒரு நாடகம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவள் டிக்கெட் இல்லாமல் பார்த்துவிட்டு ஊர் முழுக்கப் பெருமை பேசியிருக்கிறாள்.

பெரிய தொட்டிக்குக் கீழே கண்ணாடிக் குகை மாதிரி ஒரு பாதை. அவள் மகனைத் தூக்கிக்கொண்டு நுழையப் போனாள்.

"அந்தப் பெரிய திருக்கை மீன் மேல வந்தா பயப்படுவான், அப்போ நீ அவன் காதுல..."

"சொல்லாதீங்க அண்ணி. நானே தெரிஞ்சுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கயே உட்காருங்க."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குகைக்குள் பாதி தூரம்கூடப் போகவில்லை, தலைக்கு மேல் போர்வை விரித்த மாதிரி அந்தத் திருக்கை வந்தது. உருண்டை வீறிட்டான். முதுகைத் தட்டினாள். திரும்பி நின்றாள். காதில் என்ன சொல்வது? ஊதிப் பார்த்தாள், பெயர் சொல்லிப் பார்த்தாள், மீன் போயாச்சு என்றாள். அவன் அவள் தோளைத் தாண்டிக் கையை நீட்டி, "த்தை, த்தை" என்று அழுதான்.

கொஞ்ச நேரம் பிடிவாதமாக நின்றாள். பிறகு அவன் மூச்சு இழுப்பதைக் கேட்டுத் திரும்பி நடந்தாள். பெஞ்சுக்கு வந்து, "பிடிங்க" என்று நீட்டினாள். அண்ணி வாங்கிக் காதில் ஏதோ சொன்னாள். அழுகை நின்றது. என்ன சொன்னாள் என்று அவள் கேட்கவில்லை.

"வா, எல்லாரும் சேர்ந்தே போலாம்" என்றான் புருஷன்.

"நீங்கதான் பார்த்தாச்சே."

தனியாகக் குகைக்குள் போனாள். திருக்கை மறுபடி வந்தது. அதன் அடிவயிறு கஞ்சி போட்ட விரிப்பு மாதிரி வெளுப்பாக இருந்தது, ஓரம் மட்டும் நிற்காமல் சுருண்டு விரிந்தது. எந்த இயந்திரத்திலும் அதைத் தேய்க்க முடியாது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

மறுநாள் சலவைக்கூடத்தில் இயந்திரக்காரர் கூலி கேட்டு வந்து நின்றார். "என்ன மடிப்பு, உருண்டை என்ன பண்ணான்? வாயைப் பொளந்துட்டு நின்னானா?"

"அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சுண்ணே. நான்தான் வாயைப் பொளந்துட்டு நின்னேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டீங்களா" என்று மற்றவர்களுக்கும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அடுத்த சட்டையை எடுத்து, கைப்பட்டையின் உள்பக்கத்தைத் திருப்பி, விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். அதன் பிறகு எந்தச் சட்டைக் கையையும் அப்படித் தடவிப் பார்க்காமல் அவளால் தேய்க்க முடியவில்லை.