திரையில் வந்து நின்றவர்

கண்காணிப்புக் கேமரா மாட்ட எனக்கு உரிமம் தரலாமா என்று சோதிக்க வந்த அதிகாரிக்குத் தடித்த கண்ணாடி. மலைப்பனி படியப் படியச் சட்டை நுனியால் துடைத்துத்தான் எதையும் பார்த்தார். உரிமம் இல்லையென்றால் பிழைப்பும் இல்லை.

வாசலூர்பட்டியில் நான் கேமரா மாட்டிய விடுதிக்குத்தான் வந்திருந்தார். வயர்களையெல்லாம் பார்த்து முடித்துத் கேமராப் படம் ஓடும் திரையின் ஓரத்தைத் தொட்டார்.

"இது யாரு ஊடுங்க?"

"பக்கத்து ஊடுங்க சார். மொளகு காயப்போடுவாங்க. அதுக்கும் காவலா இருக்கட்டும்னு கொஞ்சம் திருப்பி வெச்சேனுங்க," என்றேன் பெருமையாக.

அவர் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரையில் தெரிந்தார். மிளகுக் களத்தைத் தாண்டி, அந்த வீட்டுக்காரர்கள் குளிக்கும் தட்டி மறைப்புக்குள் நுழைந்தார். மேலே கூரையில்லை. கேமராவை நிமிர்ந்து பார்த்தபடி சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கேமராவைத் திருப்பினேன்.

பொத்தான்களைப் போட்டபடியே உள்ளே வந்தார். "எத்தன நாளா ஓடுதுங்க?"

"ஒம்பது நாளாச்சுங்க."

"பதிவானதெல்லாம் அழிச்சுருங்க."

நான் அழித்து முடிக்கும்வரை கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார். உரிமத்தில் கையெழுத்துப் போடத்தான் மறுபடி மாட்டினார்.

அந்த ஒன்பது நாளில் நான் எதையாவது பார்த்தேனா என்று அவர் கேட்கவே இல்லை. பார்க்கவில்லை என்று அவரிடம் சொல்ல இன்றும் தவிக்கிறேன்.