கண்ணாடியக்காவின் கழித்தல்

நீல மெழுகுப் பென்சிலால், வீணான கண்ணாடித் துண்டில் இரண்டு எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுகிறார். கோடு இழுக்கிறார். உதட்டை மடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறார். விடை வந்ததும் துணியால் துடைத்துவிட்டு அடுத்த கணக்கு. சாப்பாட்டு இடைவேளை முழுக்க இதேதான்.

எங்கள் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் அவர் 'கண்ணாடியக்கா'. ஐம்பதைத் தாண்டியவர். வெட்டிய கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்து மழுக்குவது வேலை. சாணை இரைச்சலில் பழகிய தொண்டை. ரகசியம் சொன்னாலும் எதிர்க்கடைக்குக் கேட்கும். வெட்டும் மேசைக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கைப்பழக்கம் இருந்தது, கணக்குத்தான் இடித்தது. ஜன்னல் அளவில் சட்டம் அடைக்கும் இடத்தைக் கழித்துத்தானே கண்ணாடியை வெட்ட வேண்டும்?

"போன்ல தட்டிப் பாருங்கக்கா" என்பார்கள்.

"போனுக்குத் தெரிஞ்சு எனக்கென்ன? எனக்குத் தெரியணும்ல."

சொல்லிக்கொடுத்தது மருமகள். "மூணுல ஏழு போகாது அத்தை. பக்கத்து வீட்ல கடன் வாங்குங்க."

"எப்பத் திருப்பித் தரணும்?"

"தரவே வேணாம்."

"அடிப்பாவி, இவ்வளவு நல்ல கணக்கை இத்தனை நாளா எங்கிட்ட மறைச்சிட்டீங்களே." சிரித்துச் சிரித்து இருவருக்கும் புரையேறியதாம்.

போன வாரம் என் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி சொல்லப் போனேன். வெட்டுபவர் விடுப்பு. முதலாளி தலையைச் சொறிந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "போட்டுப் பாக்குறீங்களா? தப்பாப் போச்சுன்னா முழுக் கண்ணாடிப் பலகையும் போச்சு."

ஜன்னல் அகலம் 1004 மில்லிமீட்டர். அதில் 38 கழிய வேண்டும். அக்கா எழுதினார். நான்கில் எட்டுப் போகவில்லை. பக்கத்தில் பூஜ்ஜியம். அதற்கும் பக்கத்தில் பூஜ்ஜியம். பென்சில் நின்றுவிட்டது. நெற்றியில் வியர்வை.

"ரெண்டு வீடும் காலி" என்றார், தெருவே கேட்கும்படி. பென்சில் முனையை இன்னும் ஓர் இடம் இடப்பக்கம் நகர்த்தினார். "அப்ப கடைசி வீட்டுக்குத்தான் போகணும்."

ஆயிரத்தின் ஒன்றை அடித்தார். வழியிலிருந்த பூஜ்ஜியங்கள் இரண்டும் ஒன்பதாயின; நான்கு பதினான்கானது. கோட்டின் கீழே 966. முதலாளி போனில் தட்டிப் பார்த்தார். கண்ணாடி வெட்டும் கட்டரை அக்காவிடம் நீட்டினார்.

ஒரே இழுப்பு. மெல்ல ஒரு தட்டு. பலகை பிஸ்கட் போல இரண்டாகப் பிரிந்தது.

மாலையில் பொருத்தவும் அவரே வந்தார். கண்ணாடி சட்டத்துக்குள் வழுக்கிப் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. நான் பாராட்ட வாயெடுப்பதற்குள் வெளியே போய்விட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர், புதுக் கண்ணாடியில் மூக்கைச் சப்பையாக அழுத்தி, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.